சோதனைகள் ஓடாமலே பச்சையாக இருந்த பில்டு: பல மாட்யூல் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய கோப்பு வடிவங்களைப் படித்து இன்றைய வடிவங்களுக்கு மாற்றித் தரும் ஒரு ஜாவா திறமூல நூலகத்தில் நடந்தது இது. திட்டத்தில் 23 மாட்யூல்கள், அதாவது தனித்தனியே கட்டப்படும் பகுதிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ‘மையம்’ என்ற மாட்யூல். அதன் மேல் தேதி, எண், எழுத்துக் குறியாக்கம் எனத் தனித்தனி மாற்றி மாட்யூல்கள். இவற்றோடு ‘சோதனைத் துணை’ என்றொரு மாட்யூலும் உண்டு. தற்காலிகக் கோப்புறை உருவாக்குவது, மாதிரிக் கோப்புகளை ஏற்றுவது, இரண்டு கோப்புகளை ஒப்பிடுவது போன்று எல்லோருக்கும் தேவைப்படும் உதவி வகுப்புகள் அதில் இருந்தன. பயனர்களுக்குப் போய்ச் சேராத மாட்யூல் என்பதால் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை.

பில்டு, அதாவது நிரலைக் கட்டிச் சோதிக்கும் வேலை, மேவன் என்ற கருவியில் ஓடியது. சோதனைகளில் பெரும்பகுதி ஜேயூனிட் என்ற சோதனைக் கட்டமைப்பின் 4-ஆம் பதிப்பில் எழுதப்பட்டவை. ஜேயூனிட் 5 வெளிவந்தது 2017-இல். அதற்குப் பிறகு தொடங்கிய நான்கு மாட்யூல்கள் மட்டும் அதன் ஜூபிடர் முறையில் எழுதப்பட்டிருந்தன. பழையவற்றை நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். பராமரிப்பாளர்கள் மூன்று பேர். நான் அவர்களில் ஒருவன். எல்லோருமே வேலை நேரம் போக மிஞ்சும் நேரத்தில்தான் இதைச் செய்கிறோம்.

முதல் தகவல்

புதிதாகச் சேர்ந்த பங்களிப்பாளர் ஒருவர் தேதி மாற்றி மாட்யூலில் சிறிய திருத்தம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தெரியாத நிரலில் கை வைக்கும் முன் அதை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பார். எந்தச் சோதனை தோற்கிறது என்று பார்த்தால், அந்த இடத்தை எந்தச் சோதனை காவல் காக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கிருந்து தன் வேலையைத் தொடங்குவார்.

இங்கும் அப்படித்தான் செய்தார். மாதத்தையும் நாளையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, திட்டத்தின் மேல் கோப்புறையிலிருந்து முழு பில்டையும் ஓட்டினார். எதுவும் தோற்கவில்லை. ஆண்டைப் பூஜ்யமாக்கினார். அப்போதும் பில்டு பச்சைதான், அதாவது வெற்றிதான்.

“இந்த மாட்யூலில் நிறைய சோதனைகள் இருக்கின்றன. ஆனால் நான் எதை உடைத்தாலும் ஒன்றுகூடத் தோற்கவில்லை. எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா?” என்று எழுதினார். எங்களைக் குறை சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. பிழை தன் பக்கம்தான் இருக்கும் என்றே அவர் நினைத்தார். நாங்களும் அப்படியே நினைத்தோம்.

இரண்டு கணினிகள், இரண்டு விடைகள்

எங்களில் மூத்த பராமரிப்பாளர் அன்றே பதில் எழுதினார். அவர் சும்மா எழுதிவிடவில்லை; அதே உடைப்பைத் தன் கணினியிலும் செய்து பார்த்தார். அங்கே 11 சோதனைகள் தோற்றன. “எனக்குச் சரியாகத் தோற்கிறது. பழைய பில்டு மிச்சங்கள் இருக்கலாம். கிளீன் செய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்” என்றார்.

பங்களிப்பாளர் கிளீன் செய்தார். விடை மாறவில்லை. ஜாவா பதிப்பை மாற்றினார், ரெப்போவை, அதாவது நிரல் களஞ்சியத்தின் நகலை, அழித்துப் புதிதாகக் குளோன் செய்தார். அப்படியும் மாறவில்லை. இப்படியே ஐந்து நாட்கள் போயின. ஐந்தாம் நாள் அவர் எழுதிய ஒரு வரிதான் எங்களை நிறுத்தியது: “என்னிடம் இப்போது உங்கள் ரெப்போவைத் தவிர வேறெதுவும் இல்லை. அப்படியானால் உங்களிடம்தான் கூடுதலாக ஏதோ இருக்கிறது.”

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஐந்து நாட்களும் நாங்கள் எதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு கணினிகள் வேறுபட்ட விடை தரும்போது, புதியவருடைய கணினியைச் சந்தேகிப்பது எங்களுக்கு இயல்பாக வந்தது. உண்மையில், பல ஆண்டுகளாக அதே திட்டத்தில் புழங்கிய கணினியில்தான் அதிகக் குப்பை சேர்ந்திருக்கும். இப்போது நினைத்தாலும் எனக்கு உறுத்துவது இதுதான்.

லாக்கில் இருந்த வேறுபாடு

இருவரும் மேவனைப் பிழையாய்வு நிலையில் ஓட்டி, முழு லாக்கையும், அதாவது ஓட்டத்தின் பதிவையும், அனுப்பும்படி கேட்டேன். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி. மேவனில் சோதனைகளை ஓட்டுவது ஷ்யூர்ஃபயர் என்ற பிளகின். எந்தச் சோதனைக் கட்டமைப்பு இருக்கிறதோ அதற்கேற்ற ஓட்டுநரை அது தானே தேர்ந்துகொள்ளும். மூத்தவரின் லாக்கில் தேர்வானது ஜேயூனிட் 4 ஓட்டுநர். பங்களிப்பாளரின் லாக்கில் ஜேயூனிட் பிளாட்ஃபார்ம் ஓட்டுநர், அதாவது ஜேயூனிட் 5-க்கு உரியது. அதன் கீழே, ஓடிய சோதனைகள் 0, தோல்வி 0, பிழை 0. அதற்கும் கீழே, பில்டு வெற்றி.

ஒரே கமிட், அதாவது நிரலின் ஒரே பதிவு நிலை. ஒரே போம் கோப்பு, அதாவது மேவனுக்கான அமைப்புக் கோப்பு. பிறகு எப்படி வேறு வேறு ஓட்டுநர்?

இருவரும் கொடுத்த கட்டளைகள் வேறு. பங்களிப்பாளர் மேல் கோப்புறையிலிருந்து எல்லா மாட்யூல்களையும் ஓட்டினார். மூத்தவர் ‘பிஎல்’ தெரிவைக் கொடுத்துத் தேதி மாற்றியை மட்டும் ஓட்டினார். நேரம் மிச்சமாகும் என்பதால் அவருடைய நெடுநாள் வழக்கம் அது. அப்படி ஒரே மாட்யூலைக் கேட்டால், மேவனின் ரியாக்டருக்குள், அதாவது அந்த ஓட்டத்தில் கட்டும் மாட்யூல்களின் பட்டியலுக்குள், அந்த ஒன்று மட்டுமே வரும். அது சார்ந்திருக்கும் மற்ற மாட்யூல்களை மேவன் மூலநிரலிலிருந்து கட்டாது. லோக்கல் ரெப்போசிட்டரியில், அதாவது முன்பு எப்போதோ அதே கணினியில் இன்ஸ்டால் செய்து வைத்த இடத்தில், கிடைக்கும் ஸ்னாப்ஷாட்டை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய இடைக்காலப் பதிப்பை, எடுத்துக்கொள்ளும். சார்ந்த மாட்யூல்களையும் சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் ‘பிஎல்’லோடு ‘ஏஎம்’ தெரிவையும் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கவில்லை.

அவர் மையம் மாட்யூலில்தான் அதிகம் வேலை செய்பவர் என்பதால் அதை அவ்வப்போது இன்ஸ்டால் செய்திருந்தார். சோதனைத் துணையை இன்ஸ்டால் செய்து எட்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் ஸ்னாப்ஷாட்களை எங்கும் வெளியிடுவதில்லை என்பதால் அதைப் புதுப்பிக்கவும் வழியில்லை. எட்டு மாதப் பழைய சோதனைத் துணையோடுதான் அவருடைய கணினி தேதி மாற்றியைச் சோதித்துக்கொண்டிருந்தது.

இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி இருந்தது. லோக்கல் ரெப்போசிட்டரியின் இடத்தைக் கட்டளையிலேயே வேறு ஒரு வெறும் கோப்புறைக்கு மாற்றி, முழு பில்டையும் ஓட்டச் சொன்னேன். எல்லா நூலகங்களும் மறுபடி தரவிறங்க நேரம் பிடித்தது. முடிந்தபோது அவருடைய கணினியிலும் தேதி மாற்றியில் ஓடிய சோதனைகள் 0.

அதாவது, பழைய குப்பை இருந்த கணினியில் மட்டுமே சோதனைகள் சரியாக ஓடின. சுத்தமான கணினிகள் அனைத்திலும், ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகக் கட்டிச் சோதிக்கும் எங்கள் சிஐ உட்பட, ஒன்றுகூட ஓடவில்லை.

ஏன் இப்படி ஆனது

தேதி மாற்றியின் சார்பு மரத்தை, அதாவது அது நம்பியிருக்கும் நூலகங்களின் பட்டியலை, அச்சிட்டுப் பார்த்ததும் விளங்கியது. சோதனைத் துணை வழியாக ஜூபிடரின் ஏபிஐ, அதாவது சோதனை எழுத உதவும் வகுப்புகள், உள்ளே வந்திருந்தது. புதிய மாட்யூல்களுக்காக யாரோ சோதனைத் துணையில் ஜூபிடர் நீட்டிப்பு வகுப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அது அந்த மாட்யூலின் முதன்மை நிரலில் இருந்ததால், ஜூபிடரை கம்பைல் ஸ்கோப்பில், அதாவது முதன்மை நிரலுக்கும் கிடைக்கும்படி, சேர்க்க வேண்டியிருந்தது. சோதனைத் துணையை டெஸ்ட் ஸ்கோப்பில், அதாவது சோதனைக்கு மட்டும் என்று, சேர்த்திருந்த எல்லா மாட்யூல்களுக்கும் ஜூபிடர் அதன் வழியே போய்ச் சேர்ந்தது.

ஷ்யூர்ஃபயர் 2.22.0 முதல் ஜேயூனிட் பிளாட்ஃபார்மை நேரடியாக ஆதரிக்கிறது. சார்புகளுக்குள் அதன் தடயம் தென்பட்டால், ஜேயூனிட் 4 கூடவே இருந்தாலும் பிளாட்ஃபார்ம் ஓட்டுநரையே தேர்ந்துகொள்ளும். பிளாட்ஃபார்முக்குத் தானாக எந்தச் சோதனையையும் படிக்கத் தெரியாது. எஞ்சின்கள் மூலமே படிக்கும். ஜூபிடர் எஞ்சின் ஜூபிடர் சோதனைகளை மட்டும் அறியும். ஜேயூனிட் 4 சோதனைகளைப் படிக்க வின்டேஜ் என்ற தனி எஞ்சின் வேண்டும். அதை நாங்கள் சேர்க்கவே இல்லை.

ஆகவே எஞ்சின் மாட்யூலைப் பார்த்தது, தனக்குப் புரிகிற சோதனை ஒன்றும் இல்லை என்றது, ஷ்யூர்ஃபயர் பூஜ்யம் என்று எழுதிவிட்டு நகர்ந்தது. சோதனையே இல்லாத மாட்யூல்கள் எந்தத் திட்டத்திலும் இருக்கும் என்பதால், பூஜ்யத்தை அது இயல்பாகத் தோல்வியாகக் கருதுவதில்லை. இதில் எந்தக் கருவியும் தன் ஆவணத்துக்கு மாறாக நடக்கவில்லை. சேர்த்து வைத்த விதம்தான் எங்களுடையது.

ஜூபிடர் நீட்டிப்பைச் சேர்த்தவரின் கமிட்டை மறுபடி படித்தேன். சுத்தமான, நன்றாக எழுதப்பட்ட கமிட். அதை மெர்ஜ் செய்தவன், அதாவது ஏற்றுத் திட்டத்தில் சேர்த்தவன், நான். சோதனைத் துணைக்குள் நடந்த மாற்றம் அந்த ஒரு வகுப்பும், அதன் போம் கோப்பில் ஒரே ஒரு சார்பும்தான். அதன் விளைவோ, ஒரு வரிகூட மாறாத வேறு ஒன்பது மாட்யூல்களில். மாற்றத்தைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும் மதிப்பாய்வில் அது தெரிய வாய்ப்பே இல்லை.

எப்போது தொடங்கியது

எத்தனை வெளியீடுகள் இப்படிப் போயின என்று தெரிய வேண்டியிருந்தது. கமிட்டைத் தேடிப் பிடித்தாயிற்று என்றாலும், அது மட்டுமே காரணமா என்பதை ஊகத்தில் விட எனக்கு மனம் இல்லை. பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட்டை ஒரு ஸ்கிரிப்டோடு ஓட்டினேன். ஒவ்வொரு படியிலும் தேதி மாற்றியை ‘பிஎல்’, ‘ஏஎம்’ இரண்டும் கொடுத்துச் சோதிப்பது. ஷ்யூர்ஃபயர் எழுதும் எக்ஸ்எம்எல் அறிக்கையில் அந்த மாட்யூலின் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் 1 (கெட்டது), இல்லையென்றால் 0 (நல்லது) என்று திருப்புவது. கம்பைலே ஆகாத கமிட்டுகளுக்கு 125 திருப்பித் தாண்டிவிடுவது. சுமார் 600 கமிட்டுகள், 10 படிகள். பைசெக்ட் அதே கமிட்டில்தான் வந்து நின்றது.

ஏழு மாதங்களுக்கு முந்தையது. இடையில் இரண்டு வெளியீடுகள் போயிருந்தன. 23 மாட்யூல்களில் ஒன்பது ஊமையாகியிருந்தன. சோதனைத் துணையைத் தொடாத ஆறு ஜேயூனிட் 4 மாட்யூல்களும், ஜூபிடரில் இருந்த நான்கும் ஒழுங்காக ஓடின. மீதி நான்கில் சோதனைகளே கிடையாது.

கண் முன்னே இருந்த அறிகுறிகள்

ஏழு மாதங்கள் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி? பழைய உரையாடல்களைத் திரும்பப் படித்தபோது, தெரிய வேண்டிய இடங்கள் நான்கு இருந்தன.

சிஐ பில்டு 14 நிமிடத்திலிருந்து 11 நிமிடமாகக் குறைந்திருந்தது. அதே வாரம்தான் சார்புகளை கேச் செய்யும், அதாவது ஒருமுறை தரவிறக்கியதைச் சேமித்து வைக்கும், வசதியையும் சேர்த்திருந்தோம். நேரம் குறைந்ததற்கு கேச்தான் காரணம் என்று நினைத்து, அதைச் செய்தவருக்கு நன்றியும் சொன்னோம்.

சிஐ கட்டளையில் மேவனை அமைதி நிலையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பிழை இருந்தால் மட்டும் லாக் வரும். 23 மாட்யூல்களின் லாக் நீண்டு போகிறது என்று யாரோ கேட்டதால் செய்தது. பூஜ்யம் என்று எழுதிய அந்த வரி சிஐயில் யார் கண்ணிலும் படவே வழியில்லை.

நிரல் கவரேஜ் அறிக்கை, அதாவது சோதனைகள் நிரலில் எவ்வளவைத் தொடுகின்றன என்ற கணக்கு, இருந்தது. ஆனால் எல்லா மாட்யூல்களையும் ஒன்றாகக் கூட்டிய ஒரே எண்ணைத்தான் பார்த்துவந்தோம். மேல் மட்ட மாட்யூல்களின் சோதனைகள் கீழே உள்ள நிரலையும் தொட்டுக்கொண்டு போவதால் அந்த எண் கொஞ்சம்தான் இறங்கியது. வரிகள் ஓடுவது வேறு, அவற்றின் விடையை யாராவது சரிபார்ப்பது வேறு.

நான்காவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நான்கு மாதங்களுக்கு முன்பே வேறொரு பங்களிப்பாளர் இதைத் தொட்டிருந்தார். எண் மாற்றியில் ஒரே ஒரு சோதனை வகுப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டியபோது, ‘குறிப்பிட்ட சோதனை எதுவும் ஓடவில்லை’ என்று பில்டு தோற்றதாக எழுதியிருந்தார். பெயர் சொல்லிக் கேட்ட சோதனை கிடைக்காவிட்டால் ஷ்யூர்ஃபயர் தோற்கத்தான் செய்யும். எங்களுக்குக் கிடைத்த ஒரே உரத்த எச்சரிக்கை அது. ஆனால் ‘ஏஎம்’ கொடுத்து ஓட்டும்போது அதே பிழை சாதாரணமாகவும் வரும். கேட்ட வகுப்பு மையம் மாட்யூலில் இருக்காது, எனவே மையத்திலேயே பில்டு நின்றுவிடும். அதைத் தாண்டுவதற்கு, சோதனை கிடைக்காவிட்டாலும் தோற்காதே என்று சொல்லும் ஒரு கொடியைக் கொடுப்பது எல்லோருக்கும் பழக்கம். எங்கள் பங்களிப்பு வழிகாட்டியிலேயே அது இருந்தது. “வழிகாட்டியில் உள்ள கொடியைச் சேர்த்து ஓட்டுங்கள்” என்று பதில் சொன்னோம். அவர் சேர்த்தார், பில்டு பச்சையானது, நன்றி சொல்லிவிட்டுப் போனார். எந்த மாட்யூலில் அந்தப் பிழை வந்தது என்று நாங்கள் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, எப்படித் திரும்பக் கொண்டுவருவது. மூன்று வழிகள் பேசப்பட்டன.

சோதனைத் துணையில் ஜூபிடரை ஆப்ஷனல் என்று குறித்துவிட்டால் அது மற்ற மாட்யூல்களுக்குப் பரவாது; ஒன்பதும் பழையபடி ஜேயூனிட் 4 ஓட்டுநருக்குத் திரும்பிவிடும். ஒரே வரி மாற்றம். ஆனால் நாளைக்கு யாராவது அந்த ஒன்பதில் ஒன்றில் ஒரு ஜூபிடர் சோதனையைச் சேர்த்தால், அங்கிருக்கும் பழையவை எல்லாம் மறுபடி ஊமையாகும். அதனால் வேண்டாம் என்றோம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஜூபிடருக்கு மாற்றலாம் என்றார் ஒருவர். தானியங்கிக் கருவி கொண்டு ஒரு வார இறுதியில் முடித்துத் தருவதாகவும் முன்வந்தார். அவருடைய ஆர்வத்தை மதித்தோம், ஆனால் மறுத்தோம். ஏழு மாதம் ஓடாத சோதனைகளில் சில நிச்சயம் தோற்கும். அவை நிரல் கெட்டதால் தோற்கின்றனவா, மாற்றிய விதத்தால் தோற்கின்றனவா என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

எனவே மூன்றாவது வழி: எல்லா மாட்யூல்களுக்கும் பொதுவான பேரன்ட் போமில் வின்டேஜ் எஞ்சினை டெஸ்ட் ஸ்கோப்பில் சேர்ப்பது. பழையவையும் புதியவையும் ஒரே ஓட்டுநரின் கீழ் ஓடும். இதற்கும் ஒரு விலை உண்டு. வின்டேஜ் தன்னோடு ஜேயூனிட் 4-ஐயும் இழுத்து வருவதால், ஜூபிடரில் மட்டும் இருந்த மாட்யூல்களிலும் அது வந்துவிடும். யாராவது தவறான இறக்குமதியைத் தேர்ந்து பழைய பாணியில் எழுத நேரலாம். எழுதினாலும் அந்தச் சோதனை ஓடும் என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம். எஞ்சின், பிளாட்ஃபார்ம் பதிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதால் ஜேயூனிட்டின் பிஓஎம் (ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளின்) பட்டியல் வழியாக அவற்றைக் கட்டிப்போட்டோம்.

இரண்டாவது கேள்வி, மெர்ஜ். ஒன்பது மாட்யூல்களில் ஒன்றையாவது தொடும் எதையும், தோற்கும் சோதனைகளை வகைப்படுத்தி முடிக்கும் வரை மெர்ஜ் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். பங்களிப்பாளர்கள் அனுப்பிய பதினைந்துக்கும் மேற்பட்ட மாற்றக் கோரிக்கைகள் காத்திருந்தன. ஒவ்வொன்றிலும் காரணத்தை எழுதினோம். ஒருவர்கூடக் கோபப்படவில்லை.

திரும்பி வந்த சோதனைகள்

வின்டேஜைச் சேர்த்ததும் ஒரு மாட்யூல் ஓடவே மறுத்தது. அது மட்டும் தன் போமில் ஜேயூனிட் 4.11-ஐக் கட்டிப்போட்டிருந்தது. வின்டேஜுக்கு 4.12 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பதிப்பை உயர்த்தியதும் சரியானது. சத்தமாகத் தோற்றதால் பத்து நிமிடத்தில் தீர்ந்த விஷயம் இது.

ஒன்பது மாட்யூல்களிலும் சேர்த்து 1,137 சோதனைகள் திரும்பின. 31 தோற்றன.

அவற்றைத் திருத்தத் தொடங்கிய அன்றே ஒரு ஆபத்து தெரிந்தது. தேதி மாற்றியில் ஒரு சோதனை 2018 என்று எதிர்பார்த்தது, நிரல் 2019 என்று தந்தது. உதவிக்கு வந்த ஒருவர், சோதனை பழையது என்று எண்ணி, எதிர்பார்ப்பை 2019 என்று மாற்றிக் கோரிக்கை அனுப்பினார். பில்டு பச்சையானது. நல்ல வேளையாக மூத்த பராமரிப்பாளருக்கு அந்தச் சோதனையின் கதை நினைவிருந்தது. 2018 டிசம்பர் 31 திங்கட்கிழமை. வாரக் கணக்கின்படி அது 2019-இன் முதல் வாரத்தில் விழுகிறது. ஜாவாவின் தேதி வடிவமைப்பில் சிறிய ஒய் எழுத்து நாட்காட்டி ஆண்டைக் குறிக்கும். பெரிய ஒய் வாரக் கணக்கு ஆண்டைக் குறிக்கும். பெரிய ஒய்யை இட்டுவிட்டால் ஆண்டின் பெரும்பகுதியில் விடை சரியாகவே வரும், புத்தாண்டை ஒட்டிய சில நாட்களில் மட்டும் ஓராண்டு பிசகும். பல ஆண்டுகளுக்கு முன் இதே பிழையில் அடிபட்டுத்தான் அந்தச் சோதனையையே எழுதியிருந்தார்கள். ஐந்து மாதங்களுக்கு முன், பல இடங்களில் சிதறிக் கிடந்த வடிவச் சரங்களை ஒரே இடத்தில் தொகுத்தவர் ஒன்றில் பெரிய ஒய் இட்டுவிட்டார். அவரும் முழு பில்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினார். அவருக்குச் செய்ய வேண்டிய காவலை எங்கள் பில்டு செய்யவில்லை.

அதன் பிறகு ஒரு விதி வைத்தோம். எந்தச் சோதனையின் எதிர்பார்ப்பையும் மாற்றும் முன், அந்த நடத்தையை வேண்டுமென்றே மாற்றிய கமிட் எது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நிரலில்தான் பிழை என்று வைத்துக்கொள்வோம்.

அப்படிப் பிரித்ததில், 19 சோதனைகள் உண்மையிலேயே பழையவை. பிழைச் செய்திகளின் வாசகம் மாறியது போன்றவை. எட்டு, சிஐ கணினியின் நேர மண்டலத்தை நம்பியவை. இடையில் சிஐ ஓடும் இயங்குதளப் படிமத்தை மாற்றியிருந்ததால் அவை தோற்றன. மீதி நான்கு சோதனைகள் காட்டியவை மூன்று உண்மையான பிழைகள். ஒன்று மேலே சொன்ன ஆண்டு. இன்னொன்று, வெற்றுக் கோப்பு வந்தால் உள்ளீட்டு ஓடையை மூடாமல் விடுவது. மூன்றாவது, எண் மாற்றியில் மைனஸ் 0.5 என்ற எண் 0.5 ஆகிவிடுவது. முழு எண் பகுதியையும் தசமப் பகுதியையும் தனித்தனியே பிரித்துச் சேர்க்கும்படி திருத்தி எழுதியிருந்தார்கள். பூஜ்யத்துக்குக் குறி இல்லாததால் மைனஸ் அங்கே தொலைந்தது. இரண்டு சோதனைகள் இதைப் பிடித்தன.

வெளியீடும் அறிவிப்பும்

மூன்று பிழைகளையும் திருத்தி, 12 நாட்களில் புதிய வெளியீட்டைக் கொடுத்தோம். அறிவிப்பில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பிழைகளைத் திருத்தினோம் என்று மட்டும் சொன்னால் போதும், சோதனைகள் ஓடவில்லை என்று சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்றார் ஒருவர். அவருடைய கவலை நியாயமானதே. ஆனால் மைனஸ் குறி தொலைந்த எண்களும் ஓராண்டு பிசகிய தேதிகளும் ஏற்கெனவே யாருடைய ஆவணக் காப்பகத்திலோ சேர்ந்திருக்கும். எந்த இரண்டு வெளியீடுகளில் மாற்றிய கோப்புகளை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். முடிவில் எல்லாவற்றையும் எழுதினோம்: எந்த வெளியீடுகள், எந்த ஒன்பது மாட்யூல்கள், எத்தனை சோதனைகள், என்ன காரணம்.

ஒரு பயனர் தன் டிசம்பர் மாதத் தொகுப்பு முழுவதையும் மறுபடி மாற்றிக்கொண்டதாக எழுதினார். வேறு ஒரு திட்டத்தைச் சேர்ந்தவர், அறிவிப்பைப் படித்துத் தங்கள் பில்டைப் பார்த்ததாகவும், அங்கும் ஒரு மாட்யூலில் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்ததாகவும் சொன்னார்.

மாற்றியவை

சிஐயில் அமைதி நிலையை எடுத்துவிட்டோம். தரவிறக்க முன்னேற்ற வரிகளை மட்டும் மறைக்கும் தெரிவு போதுமானதாக இருந்தது. சோதனை உள்ள மாட்யூல்களில், பூஜ்யம் ஓடினால் தோற்க வேண்டும் என்று ஷ்யூர்ஃபயருக்குச் சொன்னோம். ஆனால் இது மாட்யூல் முழுவதும் ஊமையானால்தான் பிடிக்கும். பாதி போனால் பிடிக்காது.

அதற்காக ஒவ்வொரு மாட்யூலிலும் ஓட வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையை ஒரு சிறிய கோப்பில் எழுதி வைத்தோம். பில்டு முடிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் எக்ஸ்எம்எல் அறிக்கைகளைக் கூட்டி, தாண்டிவிடப்பட்டவற்றைக் கழித்து, அந்த எண்ணோடு ஒப்பிடும். குறைந்தால் சிவப்பு. ஒரு சோதனையை வேண்டுமென்றே நீக்குபவர் அந்த எண்ணையும் குறைக்க வேண்டும். அப்போது மதிப்பாய்வில் அது கண்ணுக்குத் தெரியும். முதலில் எல்லா எண்களையும் ஒரே கோப்பில் வைத்தோம். வாரத்துக்கு மூன்று மெர்ஜ் முரண்பாடுகள் வந்தன. மாட்யூலுக்கு ஒன்று என்று பிரித்ததும் தொல்லை தீர்ந்தது. இது கொஞ்சம் முரட்டுத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இந்த நிகழ்வில் எங்களுக்கு இல்லாமல் போனது இது ஒன்றுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வழிகாட்டியில் அந்தக் கொடியைப் பற்றிய வரியை நீக்கி, ‘பிஎல்’ கொடுத்தால் ‘ஏஎம்’மும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்றும், அன்றாட வேலைக்கு இன்ஸ்டால் தேவையில்லை, வெரிஃபை வரை ஓட்டினால் போதும் என்றும் எழுதினோம். தினமும் இரவில் வெறும் லோக்கல் ரெப்போசிட்டரியோடு ஒரு முழு பில்டு ஓடுகிறது. சோதனைத் துணையைத் தொடும் எந்தக் கோரிக்கைக்கும் இப்போது இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். அதை நம்பியிருக்கும் மாட்யூல்களின் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

உடைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கும் முறையையும் வழிகாட்டியில் சேர்த்தோம். அந்தப் பகுதியை எழுதித் தந்தவர் அந்தப் பங்களிப்பாளரே.

பிறகு நடந்தது

ஒன்பது மாட்யூல்களில் ஏழு இப்போது ஜூபிடருக்கு மாறிவிட்டன, ஒவ்வொன்றும் தனிக் கோரிக்கையாக, முன்னும் பின்னும் எண்ணிக்கையைக் காட்டி.

புதிய ஏற்பாடு வந்து மூன்று மாதம் கழித்து எண்ணிக்கைச் சோதனை முதன்முறையாகச் சிவப்பானது. குறியாக்க மாட்யூலில் ஒருவர் சோதனை வகுப்பு ஒன்றுக்கு இன்னும் தெளிவான பெயர் சூட்டியிருந்தார். புதிய பெயரின் தொடக்கத்திலோ முடிவிலோ ‘டெஸ்ட்’ என்ற சொல் இல்லை. ஷ்யூர்ஃபயர் வகுப்புகளைப் பெயரின் வடிவத்தை வைத்துத்தான் தேடும் என்பதால் அது அந்த வகுப்பைக் கண்டுகொள்ளவில்லை. 14 சோதனைகள் குறைந்திருந்தன. அவர் அதே கோரிக்கையில் பெயரின் முடிவில் ‘டெஸ்ட்’ சேர்த்தார். 14-ம் திரும்பின. அன்று மாலையே மெர்ஜ் செய்தோம்.